எறும்பு தொடாத புட்டி

ஒரு வீட்டுக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும், அந்த வீட்டில் எத்தனை செருப்பு, எத்தனை சண்டை என்று இராஜமாணிக்கம் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவரும் அவரேதான். கொல்கத்தா காளிகாட்டில் ஒரு சங்கு வளையல் கடைக்கு மேலே, ‘மாணிக்கம் புலனாய்வு’ என்று மூன்று மொழியில் பலகை மாட்டியிருந்தார். பலகைதான் பெரிசு. வருகிற வேலை பெரும்பாலும் கல்யாண விசாரணை. பையன் குடிப்பானா, பெண்ணுக்கு வேறு யாரிடமாவது பழக்கமா, குடும்பத்தில் தீராத வியாதி உண்டா, இவ்வளவுதான்.

அந்த நவம்பர் காலையில் போனை எடுத்தவள் கீதாஞ்சலி. முப்பத்திரண்டு வயது, பெஹாலாவில் பிறந்து வளர்ந்தவள், அவருடைய ஒரே உதவியாளர். சம்பளம் கேட்பது தமிழில், சண்டை போடுவது வங்காளத்தில். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“சார், ஒரு பொண்ணு. அம்மா ஆஸ்பத்திரில சீரியஸ். யாரோ விஷம் வெச்சுட்டாங்கன்னு சந்தேகப்படறா. லேக் கார்டன்ஸ். அம்மா பேர் சாவித்திரி, பொண்ணு பேர் சஹானா.”

இராஜமாணிக்கம் டீயைக் கீழே வைத்தார்.

“இது நம்ம ஃபைல்தானே சார்?”

நம்ம ஃபைல்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் நடராஜன் என்கிற ஓய்வு பெற்ற அதிகாரி, தன் மகன் ஸ்ரீநாத்துக்குப் பார்த்த பெண்ணின் குடும்பத்தை ரகசியமாக விசாரிக்கச் சொன்னார். அந்தப் பெண்தான் சஹானா. இராஜமாணிக்கம் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் சர்வே என்று சொல்லி வீட்டுக்குள் நுழைந்து, சாவித்திரி அம்மாள் கையால் காப்பி குடித்து, தெருமுனை மருந்துக்கடையிலும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ‘தாய் விதவை. வயது ஐம்பத்தெட்டு. நல்ல ஆரோக்கியம். குடும்பத்தில் எந்த நோயும் இல்லை.’ அந்தக் காகிதம் போன மறுவாரமே சம்பந்தம் முடிவாகிவிட்டது.

“காப்பிக்கு மார்க் போட்ட ஒரே விசாரணை அதுதான்,” என்றாள் கீதாஞ்சலி. “டைரில இன்னும் இருக்கு. ‘காப்பி பிரமாதம்.’”

“வரோம்னு சொல்லு.”

“அந்தப் பொண்ணுக்கு உங்களைத் தெரியாதா?”

“நான் போனப்ப அது ஆபீஸ்ல இருந்துச்சு.”

“நீங்க யாருன்னு சொல்லப் போறீங்களா?”

“தாயார் உசுருக்குப் போராடுற நேரத்துல இதையெல்லாமா பேசுவாங்க?” என்றார். பதில் என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

ஆஸ்பத்திரி பெஹாலா பக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, இரண்டு நாளாகத் தலை வாராமல் நின்றிருந்தாள் சஹானா. இருபத்தேழு வயது. அவளை நேரில் பார்ப்பது இராஜமாணிக்கத்துக்கு இதுதான் முதல் தடவை. இந்தப் பெண்ணின் ஆபீஸ் நேரம், சிநேகிதிகள், எந்த மெட்ரோவில் ஏறுவாள் என்பது வரை அவருக்குத் தெரியும். அவளுக்கு அவர் பெயர் மட்டும்தான் தெரியும்.

டாக்டர் சென்குப்தா வெளியே வந்தார். தூக்கத்தைப் பார்த்தே நாளாகியிருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. அவர் வங்காளமும் ஆங்கிலமுமாகக் கொட்டியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“ரெண்டு வாரமா கை நடுக்கமாம். நாலு நாளா வாந்தி, பேதி. தள்ளாடித் தள்ளாடி நடந்திருக்காங்க, பேச்சு குழறியிருக்கு. நேத்து காலைல வலிப்பு. மூளை ஸ்கேன்ல பக்கவாதம் இல்லை. முதுகுத் தண்ணியில கிருமி இல்லை. ஆனா கிட்னி முக்கால்வாசி கடையை மூடிடுச்சு.”

“கிட்னி கெட்டதாலதான் மூளை குழம்பிடுச்சா டாக்டர்?” என்று கேட்டார் இராஜமாணிக்கம்.

“நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா கிட்னி இந்த அளவு கெட்டா மூளை இவ்வளவு ஆட்டம் ஆடாது. மூளைக் கோளாறு கிட்னியை இப்படிப் படுக்க வைக்காது. ஏதோ ஒரே பொருள் ரெண்டையும் அடிச்சிருக்கு. அது என்னன்னு தெரியணும்.”

“டயாலிசிஸ் பண்ணி எடுத்துட முடியாதா?” கீதாஞ்சலி கேட்டாள்.

“சிலது டயாலிசிஸ்ல வரும், சிலது வரவே வராது. பிரஷர் வேற இறங்கிட்டே இருக்கு. இந்த நிலைமைல கண்ணை மூடிட்டு மெஷின்ல போட்டா, அதுவே ஆளை முடிச்சிடும். லேப்ல ரத்தத்தைக் கொடுத்து ‘எல்லாத்தையும் தேடு’ன்னு சொல்ல முடியாது. ஒரு பேர் வேணும். சாயங்காலத்துக்குள்ள பேர் கொண்டுவாங்க. அதுக்கு அப்புறம் என்கிட்ட கேக்காதீங்க.” சஹானா பக்கம் திரும்பினார். “கடைசியா ஒரு தடவை யோசிச்சு சொல்லு. என்ன மருந்து சாப்பிடறாங்க?”

“ஒண்ணுமே இல்ல டாக்டர். ஹோமியோபதி மட்டும்தான்.”

டாக்டர் உள்ளே போய்விட்டார். சஹானா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மாலதி தீதிதான் அங்கிள். எங்காத்துல சமையல் பண்றவ. போன வாரம் அம்மாவுக்கும் அவளுக்கும் பெரிய சண்டை, உப்பு விஷயத்துல. அதுக்கு மறுநாளே அம்மா வாந்தி எடுக்க ஆரம்பிச்சுட்டா. நேத்திக்கு அவ கையிலேர்ந்து சாவியைப் பிடுங்கிண்டு போயிடுன்னு சொல்லிட்டேன். போலீஸுக்குப் போயிருப்பேன். ஆனா கல்யாணம் பேசி முடிச்ச வீடு. பையனாத்துல என்ன நினைப்பா?”

‘பையனாத்துல’ என்ற வார்த்தையைக் கேட்டதும் இராஜமாணிக்கம் குரங்குக் குல்லாவைச் சரிசெய்துகொண்டார். பதினெட்டு டிகிரிக்கு இறங்கினால் இந்த ஊரில் எல்லோர் தலையிலும் அது ஏறிவிடும். தூத்துக்குடிக்காரரான அவர் தலையிலும் ஏறி இருபது வருஷம் ஆகிவிட்டது.

* * *

லேக் கார்டன்ஸ் வீட்டின் மாடிப்படியில் மாலதி தீதி உட்கார்ந்திருந்தாள். துரத்தப்பட்டவள், மறுபடியும் வந்திருந்தாள். சஹானாவைக் கண்டதும் எழுந்து அவள் கேட்ட முதல் கேள்வி, “பௌதி கண்ணைத் திறந்தாளா?” எஜமானியம்மாவை அவள் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள்.

“அண்ணிக்கு விஷம் வெச்சவ அண்ணி கண்ணைத் திறந்தாளான்னு கேக்க மாட்டா சார்,” என்று காதோரம் சொன்னாள் கீதாஞ்சலி. “வீட்டுல போலீஸ் வந்துச்சான்னு கேப்பா.”

“நடிப்பா இருந்தா?”

“நடிக்கறவ படியில உக்காந்து கொசுக்கடி வாங்க மாட்டா.”

உப்புச் சண்டையைப் பற்றிக் கேட்டார். மாலதி தீதி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். காளி பூஜை முடிந்த கையோடு பௌதி உப்பை விட்டுவிட்டாள். அவளுக்கு மட்டும் தனிப் பாத்திரம், தனிச் சமையல், ஒரு கல் உப்பு கூடாது. நாளுக்கு நாள் வாடிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் இவள் ஒருநாள் பருப்பில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டாள். அதுதான் அந்தச் சண்டை.

“கந்த சஷ்டி விரதம்,” என்றாள் சஹானா. “இந்த வருஷம்தான் முதல் தடவையா இருக்கா. என் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு வேண்டிண்டு உப்பை விட்டா. ஆறு நாளோட விடலை. நிச்சயதார்த்தம் முடியற வரைக்கும்னு நீட்டிட்டா.”

சமையலறைச் சுவரில் காலண்டர் தொங்கியது. விரதம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்புப் பேனாவில் ஒரு சரி அடையாளம். இராஜமாணிக்கம் மூக்கு காலண்டரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். முதல் பத்து நாள் அடையாளங்கள் கணக்கு வாத்தியார் போட்ட மாதிரி கச்சிதமாக இருந்தன. பன்னிரண்டாம் நாள் ஒன்று லேசாக நெளிந்திருந்தது. பதினாறாம் நாள் அடையாளம் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. கடைசி மூன்றும் வெறும் கிறுக்கல்.

“சண்டை என்னிக்கு நடந்துச்சு?”

“போன சனிக்கிழமை.”

“கை நடுக்கம் அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. இங்க பாரும்மா. இது ஒரே நாள்ல வெச்ச விஷம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு.”

“தவணை முறையில யாரும் விஷம் வைக்க மாட்டாங்க,” என்றாள் கீதாஞ்சலி. “அவ்வளவு பொறுமை இருக்கறவளுக்குக் கோபமே வராது.”

சஹானா காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினம் காலையில் ஆபீசுக்கு ஓடும் அவசரத்தில் இந்தக் காலண்டர் பக்கத்தில் நின்றுதான் தோசை சாப்பிட்டிருக்கிறாள். ஒரு நாளும் கண்ணில் படவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்து மாலதி தீதியின் கையில் வைத்தாள். மாலதி தீதி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மன்னிப்புக்குக் காத்திராமல் டீ போடப் போனாள்.

“ஹோமியோபதின்னியே, அது எங்க?”

வரவேற்பறை அலமாரியில் மூன்று பழுப்பு நிறப் புட்டிகள் வரிசையாக இருந்தன. இரண்டு சஹானாவுடையவை, சளிக்கு. மூன்றாவது அம்மாவுடையது, மூட்டு வலிக்கு. இராஜமாணிக்கம் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கீதாஞ்சலி, இந்த வீட்டுல எறும்பு இருக்கா?”

“கொல்கத்தாவுல எறும்பு இல்லாத வீடு ஏது சார்? அதோ, வரிசைல நின்னு ஓட்டுப் போட வந்திருக்கு.”

எறும்புகள் அலமாரி ஓரமாக ஏறி வந்து, சஹானாவின் இரண்டு புட்டி மூடிகளையும் மொய்த்துக்கொண்டிருந்தன. மூன்றாவது புட்டிக்கு ஒரு எறும்புகூட வரவில்லை. அரை விரற்கடை தள்ளியே திரும்பிப் போயின.

“ஹோமியோபதி உருண்டை மொத்தமும் சர்க்கரை. எறும்புக்கு அது தெரியும். இதுல மட்டும் சர்க்கரை இல்லைன்னும் அதுக்குத் தெரிஞ்சிருக்கு.” சஹானாவிடம் திரும்பினார். “அம்மாவுக்கு ஹோமியோபதில நம்பிக்கை உண்டா?”

“கேலி பண்ணுவா. தீர்த்தம்னு சொல்லுவா.” அவள் குரல் மெல்ல இறங்கியது. “ரெண்டு மாசம் முன்னாடிதான் திடீர்னு ஆரம்பிச்சா. நானும் நம்ம பேச்சைக் கேட்டுட்டாளேன்னு சந்தோஷப்பட்டேன்.”

புட்டியைத் திறந்தார்கள். உள்ளே சர்க்கரை உருண்டை ஒன்றும் இல்லை. அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட பெரிய வெள்ளை மாத்திரைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எதிலும் எழுத்து இல்லை. கீதாஞ்சலி படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளை, வட்டம், பேர் வேண்டும்.

மாத்திரைகளுக்கு மேலே, ஈரம் படாமலிருக்க ஒரு சிறிய காகித உறையை மடித்து அடைத்திருந்தார்கள். கீதாஞ்சலி அதைப் பிரித்தாள். ஊதா நிறத்தில் கடை முத்திரை. ‘ஹராதன் மெடிக்கல்.’

“தெருமுனைல இருக்கற கடைதான்!” என்று செருப்பைத் தேடினாள் சஹானா.

இராஜமாணிக்கத்துக்கும் அந்தக் கடை தெரியும்.

* * *

“நீங்க உள்ள வர வேண்டாம் சார்,” என்றாள் கீதாஞ்சலி தாழ்ந்த குரலில். “பொண்ணை அழைச்சிட்டு நான் போறேன். ரெண்டே நிமிஷம்.”

அந்த யோசனையை மறுத்திருக்க வேண்டும். அவர் மறுக்கவில்லை. எதிர்ச் சாரியிலிருந்த டீக்கடையின் தூணுக்குப் பின்னால் போய், குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். ஐம்பத்தாறு வயதில், பட்டப்பகலில், ஒரு மருந்துக்கடைக்காரருக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருப்பது அவருக்கே கேவலமாக இருந்தது. தூணை விட்டு மட்டும் நகரவில்லை.

கடைக்குள் ஹராதன் பாபு, வழுக்கைத் தலையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, கைகளை விரித்துச் சொல்வது இங்கே வரை கேட்டது.

“லேக் கார்டன்ஸ் பௌதியா? காய்ச்சல் மாத்திரை, எப்பவாவது வலித் தைலம். வேற ஒண்ணும் வாங்கினது கிடையாது. ரொம்ப ஆரோக்கியமான பொம்பளை.”

இராஜமாணிக்கம் நிமிர்ந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே கல்லாவில் சாய்ந்துகொண்டு அவர் கேட்ட பதில் இது. ஒரு சொல் மாறவில்லை. காய்ச்சல் மாத்திரை, வலித் தைலம், ஆரோக்கியமான பொம்பளை. நிஜத்தைச் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வான். மனப்பாடம் பண்ணிய பொய்தான் இப்படி அச்சுப் பிசகாமல் வரும். அன்றைக்கு அதை நம்பி அப்படியே அறிக்கையில் ஏற்றியது யார்?

சஹானா கெஞ்சினாள். ஹராதன் பாபு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்போது அவளுடைய போன் அடித்தது. அவள் கேட்டாள், கேட்கக் கேட்க முகம் வெளிறியது.

“மறுபடியும் வலிப்பு வந்துடுத்தாம்,” என்று கீதாஞ்சலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இராஜமாணிக்கம் தெருவைக் கடந்தார். கடை வாசலில் நின்று குல்லாவைக் கழற்றினார்.

“என்னைத் தெரியுதா?”

ஹராதன் பாபு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் இறுகிவிட்டது.

“விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு வந்தவன். மொட்டை மாடியெல்லாம் பட்டம் விட்டுட்டு இருந்த நாள். இன்ஷூரன்ஸ் பை.”

“நான் இன்ஷூரன்ஸ் ஆள் இல்லை,” என்றார் இராஜமாணிக்கம். வங்காளத்தில் சொன்னார், பிறகு சஹானாவுக்காகத் தமிழிலும் சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. “பையன் வீட்டுல அனுப்பின துப்பறியற ஆள். இந்தப் பொண்ணோட குடும்பத்துல வியாதி ஏதாச்சும் இருக்கான்னு வேவு பாக்க வந்தேன். அவங்க வீட்டுல பொய் சொல்லிக் காப்பி குடிச்சேன். உங்ககிட்டயும் பொய் சொன்னேன்.”

சஹானா பக்கத்திலேயே நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

“நீங்க அன்னிக்குச் சொன்ன பொய் பௌதியோட மானத்தைக் காப்பாத்திச்சு. இன்னிக்கும் அதையே சொன்னீங்கன்னா உசுரு போயிடும். என்னை நம்ப வேண்டாம். நான் ரோட்டுக்குப் போயிடறேன். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லுங்க, அந்தப் புட்டியில இருக்கறது என்ன மாத்திரை?”

ஹராதன் பாபு சஹானாவைப் பார்த்தார். தலைக்கு மேலிருந்த காளி படத்தைப் பார்த்தார். பிறகு கல்லாவின் அடி இழுப்பறையிலிருந்து மடித்துக் கசங்கிய ஒரு மருந்துச் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாம்மா.”

சீட்டின் மேலே ஒரு மனநல மருத்துவரின் பெயர். சஹானா வாய்விட்டுப் படித்தாள். “பைபோலார்… லித்தியம்… தினம் ரெண்டு வேளை.” மறுபடி ஒருமுறை படித்தாள். “இது எப்போலேர்ந்து?”

“நீ பொறந்த வருஷத்துலேர்ந்து. பிரசவத்துக்கு அப்புறம் ரொம்ப முடியாம போயிட்டாளாம். இந்த மாத்திரைலதான் இருபத்தேழு வருஷம் நல்லா இருந்தா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர், ரத்தப் பரிசோதனை. ஒரு தடவைகூடத் தவறினதில்லை.” ஹராதன் பாபு இராஜமாணிக்கத்தைச் சுட்டிக் காட்டினார். “இவன் வந்துட்டுப் போனான். அன்னிக்குச் சாயங்காலமே, யாரோ விசாரிக்கறான், ஜாக்கிரதைன்னு பௌதிகிட்ட சொன்னேன். அதோட டாக்டர்கிட்ட போறதை நிறுத்திட்டா. ரத்தப் பரிசோதனைக் கூடம் இதே தெருவுல இருக்கே, யார் கண்ணுலயாவது பட்டுடுவோம்னு அங்கயும் போகலை. என் கடைக்கே முக்காடு போட்டுட்டு வந்தா. நானும் பாவம் பாத்துப் பழைய சீட்டுக்கே கொடுத்தேன். முட்டி வலின்னா. ரெண்டு வாரமா வலி மாத்திரையும் கொடுத்தேன்.” கண்ணாடியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

கீதாஞ்சலி அதற்குள் டாக்டருக்குப் போன் போட்டிருந்தாள். “லித்தியம், டாக்டர். லித்தியம். உப்பில்லாத விரதம், இருபத்தஞ்சு நாள். வலி மாத்திரை ரெண்டு வாரம்.” மறுமுனையில் டாக்டர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அவர் மெஷினைத் தயார் பண்ணச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

காரில் போகும்போது சஹானா முன் சீட்டில் உட்கார்ந்தாள். தாராதலா நெரிசலில் வண்டி நின்ற இடத்தில்தான் முதல் தடவையாக வாய் திறந்தாள். திரும்பவில்லை.

“எங்களைப் பத்தி என்ன எழுதிக் குடுத்தேள்?”

“எந்த நோயும் இல்லைன்னு.”

“அதுவும் பொய்யாப் போச்சு,” என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

* * *

அன்று மாலை ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை என்று இரண்டு டயாலிசிஸ் ஆனது. இரத்தத்தில் லித்தியம் இறங்கினதும் மூளையில் தேங்கினது திரும்பவும் இரத்தத்துக்கு வந்து சேருமாம், அதனால்தான் இரண்டாவது. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் சென்குப்தா தாழ்வாரத்தில் நின்றபடி விளக்கினார்.

“கிட்னிக்கு உப்பும் லித்தியமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உடம்புல உப்பு குறைஞ்சா, கிட்னி பதறிப்போய் உப்பைப் பிடிச்சு வெச்சுக்கும். கூடவே லித்தியத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். மேல வலி மாத்திரை வேற சாப்பிட்டா, அது கிட்னியை இன்னும் இறுக்கிடும். உள்ள வந்தது வெளிய போகாது. ஏற ஏற மூளை ஆடிப்போகும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தா பத்து நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.” இராஜமாணிக்கத்தைப் பார்த்துக் கேட்டார். “ஏன் எடுக்கலைன்னு ஏதாவது தெரியுமா?”

“தெரியும்,” என்றார் இராஜமாணிக்கம். டாக்டர் காத்திருந்தார். “என்னாலதான் டாக்டர்.”

சாவித்திரி அம்மாள் பிழைத்துவிட்டாள். கிட்னி மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நடையும் நடுக்கமும் சரியாகச் சில வாரம் ஆகலாம். இதைச் சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அப்படியே நழுவிவிடலாம் என்றுதான் இராஜமாணிக்கமும் நினைத்தார். கீதாஞ்சலி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அது மாடிப்படி சார். வார்டு இந்தப் பக்கம்.”

உள்ளே சஹானா கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் மாலதி தீதி உட்கார்ந்து சாவித்திரி அம்மாளின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“உப்பு போட்டிருக்கா?” சாவித்திரி அம்மாளின் நாக்கு இன்னும் லேசாகக் குழறியது.

“போட்டிருக்கு. பேசாம சாப்பிடு. முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்.” சஹானா நிமிர்ந்து, வாசலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. “ஸ்ரீநாத்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் வந்து கீழ கேண்டீன்ல உக்காந்திருக்கான். அவா அப்பா இன்னும் வரலை. உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே, வேணும்னா நீங்களும் ஒரு ரிப்போர்ட் குடுத்துக்கோங்கோ.”

“உங்க வீட்டைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேம்மா.”

சாவித்திரி அம்மாள் அவரையே உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நீங்க அந்த இன்ஷூரன்ஸ்காரர்.”

“ஆமாம்மா. ஆனா இன்ஷூரன்ஸ் இல்லை.”

“சஹானா சொன்னா.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நான் அன்னிக்கே சந்தேகப்பட்டேன். டபராவை நீட்டறச்சே என் கை நடுங்கித்து. அந்த மாத்திரைக்குக் கொஞ்சம் நடுக்கம் எப்பவும் இருக்கும். காப்பி தளும்பிக் கீழே கொட்டிடுத்து. நீங்க பாத்தேள். பாத்துட்டு ஒண்ணும் கேக்காம நோட்டை எடுத்து ஏதோ எழுதிண்டேள். நான் செத்தே போயிட்டேன். சரி, கண்டுபிடிச்சுட்டார், பொண்ணோட கல்யாணம் போச்சுன்னு. சாயங்காலம் ஹராதன் பாபு சொன்னதும் முடிவே பண்ணிட்டேன். ராத்திரியோட ராத்திரியா மாத்திரையெல்லாம் புட்டிக்கு மாத்தினேன்.” கம்பளிக்கு வெளியே கிடந்த கையைப் பார்த்துக்கொண்டாள். “என்ன எழுதினேள் அதுல? இத்தனை நாளா அதைத்தான் நினைச்சுண்டிருந்தேன். என் கையைப் பத்தி என்ன எழுதினேள்?”

ஆமாம், பார்த்தேன், இரக்கப்பட்டு எழுதாமல் விட்டேன் என்று சொல்லலாம். அவள் நம்புவாள். தொழிலுக்கும் கௌரவமாக இருக்கும். இராஜமாணிக்கத்துக்கு அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது.

“நான் பாக்கவே இல்லம்மா,” என்றார்.

“கொட்டினதையா?”

“எதையுமே பாக்கலை. கை நடுங்கினதும் தெரியாது, கொட்டினதும் தெரியாது. நோட்டுல காப்பி பிரமாதம்னு எழுதினேன்.”

கீதாஞ்சலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவித்திரி அம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு அவள் உதடு கோணிக்கொண்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

“இவ்வளவுதானா எழுதினேள்?”

“இவ்வளவுதாம்மா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சஹானா அம்மாவின் நடுங்கும் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இராஜமாணிக்கம் கையில் குல்லாவுடன் அப்படியே நின்றார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.